கேள்வி பதில்: கிழக்கு ஜெர்மனி, எந்த ஆண்டு என்று முதலில் சொல்லுங்கள்

1990களின் நடுவில் லைப்சிக் நகரில் நான்கு ஆண்டுகள் படித்தேன். கிழக்கு ஜெர்மனி என்ற நாடு 1990இல் மேற்கு ஜெர்மனியோடு இணைந்துவிட்டதால் அப்போது இல்லை. அதன் வீடுகளும் கோப்பைகளும் மனிதர்களும் இருந்தார்கள். அன்றிலிருந்து அந்த நாட்டைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருச்சி: அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சியை மக்கள் விரும்பினார்களா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் வேண்டும்.

ஒரே சொல்லில் கேட்டால் நானும் ஒன்றைக் கேட்பேன்: எந்த ஆண்டு? 1949 அக்டோபரில் நாடு பிறந்தபோது, ஹிட்லரின் சிறைகளிலிருந்து வந்தவர்கள் ஆட்சியில் உட்கார்ந்ததைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்தவர்கள் இருந்தார்கள். 1953இல் அதே ஆட்சி, கூலியை உயர்த்தாமல் வேலை அளவை மட்டும் பத்து சதவீதம் கூட்டியது. பெர்லினில் கட்டடத் தொழிலாளர்கள் கருவிகளைக் கீழே போட்டார்கள், ஜூன் 17 அன்று கிளர்ச்சி நாடு முழுவதும் பரவியது. சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. தொழிலாளர் அரசைத் தொழிலாளர்களே எதிர்த்த நாள் அது. 1961இல் பெர்லின் சுவர். 1970களில் கட்சித் தலைவர் ஹோனெக்கர் புதுக் குடியிருப்புகளைக் கட்டினார். வாடகை மிகக் குறைவு, குழந்தைகள் காப்பகம் ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்தது. இதில் எந்த ஆண்டின் மக்களைக் கேட்கிறீர்கள்?

கோவை: ட்ராபண்ட் கார் அட்டையால் செய்யப்பட்டதாமே?

அட்டை இல்லை. பருத்திக் கழிவைப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகை. எஃகுத் தகடு கிடைக்காத நாட்டின் உபாயம். துருப்பிடிக்காது. பதிவு செய்துவிட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்பதால், ஓட்டிப் பழகிய கார் புதுக் காரைவிட அதிக விலைக்குப் போனது. இதைவிடச் சுருக்கமாக அந்தப் பொருளாதாரத்தை விளக்க எனக்குத் தெரியாது.

சென்னை: அங்கே ரொட்டி விலை ஏறவே இல்லை என்று ஒரு படம் சுற்றுகிறது. உண்மையா?

உண்மை. சிறு ரொட்டி ஐந்து பெனிக் (நூறு பெனிக் ஒரு மார்க்). தானியத்தைவிட ரொட்டி மலிவாக இருந்ததால் அதை வாங்கிப் பன்றிக்குப் போட்டார்கள் என்பதும் உண்மை. 1977இல் காபிக்கொட்டைக்கு டாலர் இல்லாமல் போய், ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலப்படமான காபித்தூளை அரசே விற்று மக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்மை. படத்தில் ஆண்டு போட்டிருந்ததா? ஆண்டு இல்லாத எண்ணை நம்பாதீர்கள்.

நாகர்கோவில்: கோர்பச்சேவ் துரோகம் செய்யவில்லை என்றால் இந்த ஆட்சி நிலைத்திருக்கும் அல்லவா?

1989இல் கிழக்கு ஜெர்மனியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் வீரர்கள் இருந்தார்கள். 1953இல் செய்ததைத் திரும்பச் செய்ய அவர்களால் முடியும். முகாமை விட்டு வெளியே வரவில்லை, அதுதான் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் செய்தது. வேறொரு நாட்டு டாங்கி வந்தால்தான் நிற்கும் என்ற நிலைக்கு ஓர் ஆட்சி எப்படி வந்தது என்பதல்லவா கேள்வி? மேற்கு ஜெர்மனியிடமே 1983இல் நூறு கோடி மார்க் கடனுக்கு வழி செய்துகொண்ட அரசு அது.

மதுரை: ஸ்டாசி உளவுத்துறை பற்றிச் சொல்லுங்கள்.

1.6 கோடி மக்களுக்கு 91,000 முழுநேர ஊழியர்கள், 1989 கணக்கு. சம்பளப் பட்டியலில் இல்லாமல் தகவல் கொடுத்தவர்கள் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எஞ்சிய கோப்புகளை வரிசையாக நிறுத்தினால் 111 கிலோமீட்டர். கடைசி வாரங்களில் தாள் வெட்டும் இயந்திரங்கள் பழுதாகிவிட, கையால் கிழித்தார்கள். அப்படிக் கிழித்த மூட்டைகள் மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் மேல். பிறகு அந்தத் துண்டுகளை மேசையில் பரப்பி, மையின் நிறமும் கிழிசலின் விளிம்பும் பார்த்து ஒட்டவே ஆட்களை அமர்த்தினார்கள். 1992 தொடக்கத்திலிருந்து தன் கோப்பை யாரும் கேட்டுப் படிக்கலாம்.

புதுச்சேரி: ஓர் அதிகாரி தாளைத் தவறாக வாசித்ததால் சுவர் விழுந்தது என்கிறார்களே?

1989 நவம்பர் 9 மாலை, ஆளும் கட்சியின் சார்பில் பேசிய ஷபோவ்ஸ்கி பத்திரிகையாளர்களிடம் புதிய பயண விதியை வாசித்தார். மறுநாள்தான் வெளியிட வேண்டிய செய்தி அது. எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். தாள்களைப் புரட்டிவிட்டு, உடனே, தாமதமின்றி என்றார். இரவு பதினொன்றரை மணி அளவில், கூட்டத்தின் நெருக்கடி தாங்காமல் பெர்லின் சுவரின் போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடி திறந்தது.

நல்ல கதைதான். ஆனால் அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 9 அன்று, லைப்சிக்கில் சுமார் 70,000 பேர் நடந்தார்கள். சீனாவில் தியானன்மென் துப்பாக்கிச்சூடு நடந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இங்கும் சுடுவார்கள் என்று மருத்துவமனைகளில் ரத்தம் சேர்த்து வைத்திருந்தார்கள். யாரும் சுடவில்லை. அந்த நாள் இல்லாமல் அந்தத் தாளே எழுதப்பட்டிருக்காது.

தேனி: கோர்பச்சேவ் அமெரிக்காவின் ஆளா?

நாகர்கோவில் அன்பருக்குச் சொன்னதே பதில்.

சென்னை: திரைப்பட ஒளிப்பதிவில் உதவியாளனாக இருந்தவன். அந்தக் காலத்தில் ஆர்வோ கலர் பிலிம் நம்மிடம் நிறையப் புழங்கியது. அந்த ஆலை என்ன ஆயிற்று?

ஐயா, இன்று வந்த கேள்விகளில் இதுதான் முத்து. ஆர்வோ என்றால் 'ஒரிஜினல் வோல்ஃபென்'. வோல்ஃபெனில் இருந்த பழைய அக்பா பிலிம் ஆலைதான் 1964இல் பெயர் மாற்றிக்கொண்டது. ஆலைக் கழிவை ஒரு பழைய நிலக்கரிக் குழியில் விட்டார்கள். வெள்ளி ஏரி என்று ஊரார் பெயர் வைத்தார்கள், நாற்றம் தாங்காது.

1990 ஜூலை 1 அன்று மேற்கு ஜெர்மன் மார்க் கிழக்கிலும் செல்லுபடியானது. கூலி ஒன்றுக்கு ஒன்று. ஆனால் அதுவரை மேற்கில் ஒரு மார்க் சம்பாதிக்கக் கிழக்கு ஆலைகள் தங்கள் நாணயத்தில் நான்குக்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்தன. ஒரே இரவில் அவற்றின் பொருள் பல மடங்கு விலையேறியது. கிழக்கு ஐரோப்பிய வாடிக்கையாளர்களிடம் இந்த மார்க் கிடையாது. உள்ளூர்க்காரர்களோ மேற்கத்தியப் பொருளுக்கு ஓடினார்கள். அரசு ஆலைகளை விற்க அமைத்த ட்ரொய்ஹாண்ட் நிறுவனம், ஏறக்குறைய நாற்பது லட்சம் பேர் வேலை பார்த்த சுமார் 8,500 நிறுவனங்களைக் கையில் எடுத்தது. 1994 இறுதியில் கடையைக் கட்டியபோது மிஞ்சியது 250 பில்லியன் மார்க்குக்கும் மேல் கடன். வோல்ஃபெனும் துண்டு துண்டாகிப் போனது.

ஆவடி, தொழிற்சங்கத்தில் இருப்பவன்: அப்படியென்றால் இது இணைப்பு இல்லை, கொள்ளை. நீங்கள் ஏன் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறீர்கள்?

தவிர்க்கவில்லை. மார்க் வராவிட்டால் நாங்கள் அதனிடம் போவோம் என்று லைப்சிக் ஊர்வலத்தில் தட்டி பிடித்தது யார்? 1990 மார்ச்சில் விரைவான இணைப்புக்கு வாக்களித்தது யார்? அந்த மக்களேதான். அவர்களில் பலர் இரண்டே ஆண்டில் வேலை இழந்தார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் சொல் இருந்தால் கொடுங்கள், எழுதுகிறேன்.

திருப்பூர், ஏற்றுமதி செய்பவன்: ஆவடிக்காரருக்குச் சொல்லுங்கள். ஓட்டை ஆலைகள் எப்படியும் விழுந்திருக்கும்.

நீங்களே ஏற்றுமதியாளர். நாளைக் காலை ரூபாயின் மதிப்பு நான்கு மடங்கு ஏறினால் உங்கள் பனியன் ஆலை எத்தனை மாதம் நிற்கும்? இயந்திரங்கள் பழையவை, மறுக்கவில்லை. போலந்தின் ஆலைகளும் பழையவைதான். ஆனால் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளும் வழி போலந்துக்கு இருந்தது.

ஆவடி: ஆக, கொள்ளை என்று ஒப்புக்கொண்டீர்கள்.

இல்லை.

திருப்பூர்: ஆக, தவிர்க்க முடியாதது என்று ஒப்புக்கொண்டீர்கள்.

அதுவும் இல்லை. இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பாலக்காடு: கேரளத்தில் 1957இல் வந்த ஆட்சியோடு ஒப்பிட முடியுமா?

அது வாக்குப்பெட்டியில் வந்தது, இது சோவியத் படையோடு வந்தது. இதற்கு மேல் கேரளம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

வேலூர்: மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் இப்போது கிடைக்குமா?

பழைய புத்தகக் கடையில் தேடுங்கள்.

கரூர்: கோர்பச்சேவ்...

போதும்.

தஞ்சாவூர்: இன்று என்ன எஞ்சியிருக்கிறது?

போக்குவரத்து விளக்கில் தொப்பி போட்ட குட்டி மனிதன், தாய்மார்கள் வேலைக்குப் போவதில் கிழக்குக்கும் மேற்குக்கும் இருக்கும் பழக்க வேறுபாடு, ஆள் குறைந்துபோன சிறு நகரங்கள். பழைய கிழக்கில் உள்ள துரிங்கியா மாநிலத்தில் 2014இல் இடதுசாரிக் கட்சி முதல்வர் பதவியைப் பிடித்தது. அதே மாநிலத்தில் 2024இல் தீவிர வலதுசாரிக் கட்சி முதலிடத்துக்கு வந்தது. பழைய ஆட்சிதான் முழுக் காரணம் என்பவரிடமும், 1990க்குப் பிறகு நடந்ததுதான் முழுக் காரணம் என்பவரிடமும் நான் கேட்பது ஒன்றே. உங்களுக்கே தெரியும்.

ஈரோடு: அங்கே படித்தபோது உங்களோடு பழகியவர்கள் யாராவது தங்கள் ஸ்டாசி கோப்பைப் படித்தார்களா?

நான் தங்கியிருந்த வீட்டின் பாட்டி பஞ்சாலையில் வேலை பார்த்தவர். எங்கே போனாலும் கைப்பையில் ஒரு வலைப்பையை மடித்து வைத்திருப்பார். வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிட வேண்டும், என்ன விற்கிறார்கள் என்று அப்புறம் கேட்கலாம் என்பார். கடைகளில் எல்லாம் நிறைந்து கிடந்த காலத்திலும் அந்தப் பை இருந்தது. கோப்புக்கான விண்ணப்பத்தை வாங்கி, அழகான கையெழுத்தில் நிரப்பி, அலமாரியின் மேல் இழுப்பறையில் வைத்திருந்தார். நான் இருந்த நான்கு ஆண்டுகளில் அனுப்பவில்லை. ஒருமுறை ஏன் என்று கேட்டேன். படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அந்தக் கட்டடத்தில் 1970களிலிருந்து அதே ஆறு குடும்பங்கள்தான் குடியிருந்தன.