நெஞ்சுப் படபடப்பு: ஈசிஜி அறை சிஸ்டரிடம் சில கேள்விகள்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், அதில் பதினெட்டு வருடம் ஈசிஜி அறையில். நாற்பத்திரண்டாவது வயதில் எனக்கே இந்தப் படபடப்பு வந்து ஒன்றரை வருடம் ஆட்டிவைத்தது. தினமும் பத்துப் பேருக்கு ஈசிஜி எடுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் எனக்கு நானே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரையின் பெயரும் அளவும் கேட்காதீர்கள், மற்றதைக் கேளுங்கள்.

மேலப்பாளையம், வயது 29: சும்மா உட்கார்ந்திருந்தாலும் வாட்ச்சில் 95, 100 என்று காட்டுகிறது. மூன்று முறை ஈசிஜி, ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல் என்கிறார்கள். ஏதாவது விட்டுப்போயிருக்குமோ, சிஸ்டர்?

தம்பி, பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடித்தால் அது இயல்பு. நீங்கள் அந்த வரம்பின் மேல்பக்கத்தில் இருக்கிறீர்கள். அதிலும், பயந்துகொண்டே பார்க்கிற எண் அது. பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பே பத்து துடிப்பைக் கூட்டிவிடும். 98 என்று பார்த்ததும் திக்கென்று ஆகும், அடுத்த முறை 108. உடனே மூன்றாவது முறை பார்க்கத் தோன்றும். எண்ணைக் கூட்டியது பார்த்த பார்வைதான்.

ஆனால் விட்டுப்போயிருக்குமோ என்ற கேள்வி நியாயமானது. ஈசிஜி தாள் பிடிப்பது சுமார் பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் படபடப்பு இல்லையென்றால் தாளில் எப்படித் தெரியும்? அதற்குத்தான் துடிப்பைத் தொடர்ந்து பதிகிற ஹோல்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. 24 மணி நேரம் உடம்பில் ஒட்டியபடி வேலைக்குப் போய்வரலாம். தைராய்டு, ஹீமோகுளோபின் பார்க்கவில்லையென்றால் அவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு கூடினாலும் சரி, இரத்தம் குறைந்தாலும் சரி, இதயம் ஓடத்தான் செய்யும்.

இவ்வளவும் ஒரே டாக்டரிடம், ஒரே தடவை. வேறு வேறு இடத்தில் ஒவ்வொன்றாகச் செய்தால் முழுப் படத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அதிலும் ஒன்றுமில்லை என்று வந்தால் ஃபைலைப் பீரோவில் வைத்துவிடுங்கள். நான்காவது ஈசிஜி தருகிற நிம்மதி வண்ணார்பேட்டை தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! கொரோனாவில் வாங்கிய ஆக்சிமீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என் எதிரிலேயே விரலை மாட்டிப் பார்த்த பெரியவர் ஒருவர் உண்டு. வாட்ச்சை ஒரேயடியாகக் கழற்றி எறிய முடியாது, அது எனக்கும் தெரியும். முதல் வாரம் காலையில் ஒரு தடவை மட்டும். அப்புறம் இரண்டு நாளுக்கு ஒரு தடவை. அப்புறம் துடிப்பைக் காட்டாத பழைய வாட்ச்.

முக்கூடல், வயது 38: பீடி சுற்றுகிறேன். நாலு படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்குது, கண்ணைக் கட்டுது. அத்தை பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார்கள். குறையவில்லை.

தங்கச்சி, கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். நீ முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இரத்தம் பார். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை. இரத்தம் குறைந்தால் இருக்கிற கொஞ்சத்தை வைத்து உடம்பு முழுக்க ஆக்சிஜன் அனுப்ப இதயம் வேகமாக ஓடியாக வேண்டும். படி ஏறும்போது வருவதும் கண்ணைக் கட்டுவதும் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. மாதவிடாயில் அதிகம் போகிறதா என்பதையும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல். புகையிலைத் தூளிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதையும் சொல். நிகோடின் துடிப்பைக் கூட்டும்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் காப்பி, டீயோடு விழுங்காதே, சத்து ஏறாது. எலுமிச்சைச் சாறு நல்லது. மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதே. சில மாதம் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும்.

படபடப்பு என்றதும் எல்லாருக்கும் "மனசுதான்" என்று சொல்லி அனுப்புவதில் எனக்குக் கோபம் உண்டு. அதிலும் வந்தவர் பெண் என்றால் அந்தப் பதில் இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

அம்பாசமுத்திரம், கல்லூரி மாணவி: சுவிட்ச் போட்ட மாதிரி திடீரென்று தொடங்கும், எண்ணவே முடியாத வேகம். இருபது நிமிடத்தில் சுவிட்ச் அணைத்த மாதிரி நின்றுவிடும். பரீட்சை பயம் என்கிறார்கள்.

நீ சொன்ன அந்தச் "சுவிட்ச்" முக்கியமான வார்த்தை. பயத்தில் வருகிற படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்பது பெரும்பாலும் இதயத்தின் மின்சாரப் பாதையில் உள்ள கோளாறு. எஸ்விடி என்பார்கள். வேகம் 150-ஐத் தாண்டும். அடுத்த முறை வரும்போது வீட்டில் படுத்திருக்காதே. யாரையாவது கூட்டிக்கொண்டு பக்கத்தில் எங்கே ஈசிஜி இருக்கிறதோ அங்கே போ. படபடப்பு ஓடும்போதே எடுத்த ஒரு தாள், நின்றபின் எடுத்த இருபது தாளுக்குச் சமம். பிறகு அதை இதய டாக்டரிடம் காட்டு. நல்ல சிகிச்சை இருக்கிறது, நிறையப் பேருக்கு முழுதாகவே சரியாகிறது.

சிந்துபூந்துறை, வயது 52: 2023 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததிலிருந்து இப்படி. ராத்திரி மழை பெய்தால் வியர்த்து, கை மரத்து, இப்போதே செத்துவிடுவேன் போலிருக்கிறது.

அந்த 17, 18 தேதிகளை ஆற்றோரத்தில் யாரும் மறக்கவில்லை, அண்ணாச்சி. இந்த வயதில் வியர்வையோடு நெஞ்சு அடித்தால் ஒரு தடவை முழுப் பரிசோதனை கட்டாயம். சர்க்கரை இருந்தால் இன்னும் கட்டாயம். அது சரியென்றால் இது பேனிக் அட்டாக்காக, அதாவது திடீரென்று தாக்கும் பயமாக இருக்கலாம். மழைச் சத்தம் கேட்டதும் உடம்பு வெள்ளம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அட்ரினலினைக் கொட்டுகிறது. ஓடித் தப்பிக்கத் தேவையான வேகம் அது, ஆனால் நீங்கள் கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். மூச்சு வேகமாவதால்தான் கை மரத்துப்போகிறது. பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் அப்புறம் தானாக இறங்கும்.

எழுந்து உட்காருங்கள். மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் துடிப்பைத் தணிக்கும். ஆழமாக இழுக்கிறேன் என்று மல்லுக்கட்டினால் தலை இன்னும் சுற்றும்.

இதை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளவும் வேண்டாம். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், டெலிமானஸ் என்று பெயர், தமிழிலேயே பேசுவார்கள். காசு கிடையாது.

கல்லிடைக்குறிச்சி, ஒரு மனைவி: "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்கிறார். ஆகாது என்று சொல்லிச் சொல்லி எனக்கே நெஞ்சு அடிக்கிறது.

என் வீட்டுக்காரரும் இதைப் பட்டார். "ஆகாது" என்று சொன்னால் ஐந்து நிமிடம் தாங்கும். எரிந்து விழுந்தால் அவருக்குப் பயம் கூடும். எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். நான் நன்றாக இருக்கிற நேரத்தில் போட்டது, அது முக்கியம். நான் கேட்டால் என் வீட்டுக்காரர் பதில் சொல்ல மாட்டார். "இது பயம் கேட்கிற கேள்வி, வா, முறுக்கு பிழியலாம்" என்பார். முதல் வாரம் அழுதிருக்கிறேன். மூன்றாவது வாரம் கேட்க வாய் திறந்து நானே மூடிக்கொண்டேன். முறுக்குதான் தீரவே இல்லை. இன்னொன்று, ராத்திரி செல்போனில் வியாதி பெயர் போட்டுத் தேடுகிறாரா என்று பாருங்கள். அதுவும் அதே கேள்விதான், கேட்கிற ஆள்தான் வேறு.

சங்கரன்கோவில்: பக்கத்து வீட்டு அண்ணன் படபடப்புக்குச் சாப்பிடும் மாத்திரை எனக்குக் கேட்குமா?

வேண்டாம். அந்த வகை மாத்திரைகளில் சில, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சையே இறுக்கிவிடும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் திடீரென்று தாங்களாக நிறுத்தக் கூடாது.

வள்ளியூர்: எப்போது 108-ஐக் கூப்பிட வேண்டும்?

நெஞ்சை அழுத்துகிற வலி, அது தாடைக்கோ கைக்கோ பரவுவது, மயங்கி விழுவது, உட்கார்ந்திருந்தும் மூச்சுத் திணறல். இதில் ஒன்று இருந்தாலும் கூப்பிடுங்கள். "வாயுவாக இருக்கும், சோடா குடி" என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். பயத்தால் வந்ததா என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

திருநெல்வேலி டவுன்: உங்களுக்கு முழுதாகப் போய்விட்டதா, அக்கா?

இல்லை. எப்போதாவது எட்டிப் பார்க்கும். கடைசியாக ஆனித் தேரோட்டத்தன்று, கீழரதவீதிக் கூட்டத்துக்குள் வந்தது. ஒரு கடைத் திண்ணையில் சாய்ந்து நின்றேன். கை மணிக்கட்டுக்குப் போனது, எடுத்துவிட்டேன். தேர் நகர்ந்ததும் நானும் பின்னாலேயே நடந்தேன். அன்று எத்தனை துடித்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.