முதல் பேட்ச் போட்டவர் அப்புறம் வருவதே இல்லை. ஓப்பன் சோர்ஸ் ரிவ்யூவில் எதை மாற்றலாம்?

உங்கள் திட்டத்துக்கு ஒரு பேட்ச்சை (கோடில் செய்த மாற்றம்), அதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட்டோடு கொண்டுவருபவர்கள் மறுபடி எட்டிப் பார்ப்பதில்லை, ரிவ்யூ முறையை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். "கனிவாகப் பேசுங்கள்" என்று பலர் சொல்வார்கள். கனிவு வேண்டும்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் தன் கடுமையான பதில்களுக்காக, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் விலகியிருந்தார். ஆனால் நான் பார்த்தவரை, கடுஞ்சொல்லைவிட அதிகம் பேரை விரட்டுவது பதிலே வராமல் இருப்பதுதான். யார் பார்ப்பார்கள், அடுத்து யார் என்ன செய்ய வேண்டும், எதுவும் தெரியாமல் காத்திருந்து போய்விடுகிறார்கள்.

அதனால் முதலில் உங்கள் கிட்ஹப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கிட்ஹப்பின் கணினிகளை ஓசியில் பயன்படுத்தி க்ரிப்டோ நாணயம் எடுத்த கும்பல்களின் தொல்லையால் 2021-ல் ஒரு கட்டுப்பாடு வந்தது: முதல் முறை பங்களிப்பவரின் புல் ரிக்வெஸ்ட்டில், திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் ஒப்புதல் பட்டனை அழுத்தினால்தான், டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஓடும். வந்தவர் டெஸ்ட் முடிவுக்காகக் காத்திருப்பார். நீங்களோ டெஸ்ட் பாஸாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அந்த பட்டனை அழுத்தாமலே இருப்பீர்கள்.

பைதான் மொழியில் வலைதளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ திட்டத்திலும் இதுபோல ஒன்று உண்டு. ரிவ்யூவில் திருத்தம் கேட்டால், அந்த வேலைக்கான பதிவான டிக்கெட்டில் "பேட்ச் நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்" என்று டிக் விழும். திருத்தியதும் அந்த டிக்கைப் பேட்ச் எழுதியவரே எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் டிக்கெட் மறுபடி ரிவ்யூ வரிசைக்கு வராது. புதிதாக வந்தவருக்கு இதை யாராவது சொன்னால்தானே தெரியும்! ரஸ்ட் நிரல்மொழித் திட்டத்தில் இந்த வேலையை ஒரு பாட் (தானியங்கி நிரல்) செய்கிறது: புல் ரிக்வெஸ்ட் வந்ததும் வரவேற்று, ரிவ்யூ செய்யப்போகிறவர் பெயரைச் சொல்லி, இப்போது ரிவ்யூவருக்காகக் காத்திருக்கிறதா எழுதியவருக்காகவா என்பதை லேபிளாகவே ஒட்டிவிடுகிறது. எந்த ஊரிலிருந்து எழுதுபவருக்கும் அந்த லேபிளைப் பார்த்தால் நிலவரம் புரியும்.

அடுத்தது, எதை முதலில் சொல்வது. கெர்னலில் யூஎஸ்பி 3.0 டிரைவர் எழுதிய சேஜ் ஷார்ப் 2014-ல் சொன்ன வரிசையை நான் இன்றும் பின்பற்றுகிறேன்: இந்த யோசனை திட்டத்துக்கு வேண்டுமா, கட்டமைப்பு சரியா, கடைசியாகத்தான் எழுத்துப்பிழை, இடைவெளி போன்ற மெருகு. இது தலைகீழாகும்போதுதான் மனம் நோகிறது. மூன்று சுற்று கமா, இடைவெளி எல்லாம் திருத்திக் கொடுத்தவரிடம், நான்காம் சுற்றில் "இந்த வசதியே நமக்கு வேண்டாம்" என்றால் அவர் எப்படித் திரும்பி வருவார்? வேண்டாம் என்றால் முதல் பதிலிலேயே காரணத்தோடு சொல்லிவிடுங்கள். அது அவர் நேரத்துக்குக் கொடுக்கும் மரியாதை.

மெருகு வேலையைக் கருவியிடம் விடுங்கள். ஜாங்கோ 2022-ல் தன் கோட் முழுவதையும், கோடை ஒரே பாணியில் அடுக்கித் தரும் பிளாக் ஃபார்மேட்டருக்கு மாற்றியது. அதன் பிறகு மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா என்று ஒரு மனிதர் இன்னொருவரிடம் சொல்லத் தேவையே இல்லை. மிஞ்சும் சின்னத் திருத்தங்களை, மாற்றத்தின் பதிவான கமிட்டில் பேட்ச் எழுதியவர் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, நீங்களே செய்து திட்டத்தோடு மெர்ஜ் பண்ணுங்கள்.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்பீர்கள். நியாயமான கேள்வி. ஜாங்கோ அறக்கட்டளை 2014 முதல் சம்பளம் கொடுத்து ஃபெல்லோக்களை வைத்திருக்கிறது. டிக்கெட்டைப் பிரிப்பதும் பேட்ச் பார்ப்பதும் அவர்கள் வேலையின் பெரும்பகுதி. சின்னத் திட்டத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் ஜாங்கோவில் பேட்ச் எழுதியவரைத் தவிர வேறு யார் வேண்டுமானாலும் ரிவ்யூ செய்து, டிக்கெட்டை "ரெடி ஃபார் செக்கின்" (சேர்க்கத் தயார்) நிலைக்கு நகர்த்தலாம். இதை நீங்களும் செய்யலாம். ஒரு பேட்ச் மெர்ஜ் ஆனவரிடம், அடுத்து வரும் புதியவரின் பேட்சைத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். எந்த இடத்தில் திணறுவார்கள் என்பது உங்களைவிட அவருக்குத்தான் நன்றாக நினைவிருக்கும்.