சுப்பீரியர் ஏரியின் வடகரை: மூட்டு வலியுள்ள பெற்றோருடன் எங்கே நிறுத்தலாம்?

கேள்வி: மினியாபோலிஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள், அம்மாவுக்கு மூட்டு வலி. செப்டம்பர் கடைசியில் மூன்று நாள் சுப்பீரியர் ஏரியின் வடகரைக்குக் காரில் போக நினைக்கிறோம். வழியில் உள்ள தகவல் மையங்களில் நிற்க வேண்டுமா, போனில் பார்த்துக்கொண்டால் போதாதா? அவர்களுக்கு எந்த இடங்கள் சரிப்படும்?

பதில்: கட்டாயம் நில்லுங்கள். உங்கள் பயணத் திட்டத்தையே அந்த மையங்களை வைத்துப் போடச் சொல்வேன். ஏரிக்கரைத் துறைமுக நகரமான டுலூத்தைத் தாண்டி 61ஆம் நெடுஞ்சாலையில் போகப் போகப் பல இடங்களில் போனுக்கு சிக்னல் இருக்காது. அதோடு, இந்தக் கரையில் நல்ல கழிப்பறை, உட்கார இடம், கைப்பிடி உள்ள பாதை எல்லாம் பெரும்பாலும் தகவல் மையத்தை ஒட்டியே இருக்கின்றன. பெரியவர்களோடு போகிறவர்களுக்கு அதுதான் முக்கியம்.

முதல் நிறுத்தம், டுலூத்துக்குள் இறங்குவதற்கு முன் ஐ-35 சாலையில் வரும் தாம்சன் ஹில் மையம். நகரமும் துறைமுகமும் ஏரியும் அங்கிருந்து ஒரே பார்வையில் தெரியும். ஊருக்குள் கெனால் பார்க்கில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம். அன்று எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வருகிறது என்று அங்கே கேட்டுவிட்டு, கால்வாய் ஓரம் உட்காருங்கள். கால்வாயின் அகலமே 300 அடிதான். ஆயிரம் அடி நீள இரும்புத்தாதுக் கப்பல் அதற்குள் நுழையும்போது பக்கத்திலேயே ஒரு சுவர் நகர்வதுபோல இருக்கும். கப்பல் சங்கு ஊத, கால்வாய்மேல் உள்ள தூக்குப் பாலமும் பதிலுக்கு ஊதும். உங்கள் அப்பாவுக்கு இது நிச்சயம் பிடிக்கும். நடக்கவே வேண்டாம்.

அப்புறம் டூ ஹார்பர்ஸைத் தாண்டி கூஸ்பெரி அருவி. இங்கே வாகன அனுமதிச் சீட்டு தேவையில்லை. மையத்திலிருந்து நடு அருவி வரை தளம் போட்ட பாதை. கீழ் அருவிக்குப் படி இறங்க வேண்டும், அம்மா மேலேயே இருக்கட்டும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மழையும் பனி உருகுவதும்தான் இந்த ஆற்றுக்குத் தண்ணீர். ஏப்ரல், மே மாதங்களில் பொங்கி விழும் அருவி, மழை குறைந்தால் செப்டம்பரில் மெலிந்துவிடும். படத்தில் பார்த்ததை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கத்துக்கு நுழைவுச்சீட்டு உண்டு, ஆனால் கொடுத்த காசுக்குத் தகும். 1905 நவம்பர் புயலில் பல கப்பல்கள் சிதைந்த பிறகு கட்டியது, 1910இல் விளக்கு ஏற்றினார்கள். அப்போது இங்கே சாலையே கிடையாது. கட்டுமானப் பொருள் முழுவதும் படகில் வந்து, கிரேனில் பாறை உச்சிக்கு ஏறியது. கரைக்கு இறங்கும் படிகள் மிக நீளம், அதைத் தவிர்த்து மேலே உள்ள வீடுகளையும் விளக்கையும் மட்டும் பாருங்கள். டெட்டகூஷ் மாநிலப் பூங்காவின் மையமும் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருப்பதால் ஓய்வுக்கு வசதி. ஜட்ஜ் மேக்னி பூங்காவின் டெவில்ஸ் கெட்டில் அருவி பிரபலம்தான், ஆனால் அவ்வளவு படிகளும் உங்கள் அம்மாவுக்கு ஆகாது. விட்டுவிடுங்கள்.

இரவு கிராண்ட் மரே ஊரில் தங்குங்கள். இலை நிறம் மாறும் காலம் என்பதால் அறைக்குப் போட்டி அதிகம், இப்போதே பதிவு செய்யுங்கள். அந்தச் சமயத்தில் ஏரிக்கரையைவிட உள்ளே மலைமேல்தான் மேப்பிள் சிவந்திருக்கும். லுட்சன், டோஃப்டி ஊர்களிலிருந்து காட்டுக்குள் ஏறும் சாலைகளில் காரிலேயே ஒரு சுற்று வரலாம்.

மறுநாள் கனடா எல்லையை ஒட்டிய கிராண்ட் போர்ட்டேஜ். பலரும் தூரம் என்று இதைத் தவிர்க்கிறார்கள். எனக்கோ இந்தக் கரையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். மாநிலப் பூங்கா மையத்திலிருந்து அரை மைல் சமமான பாதையில் நடந்தால் பிஜன் ஆற்றின் 120 அடி அருவி. எதிர்க்கரை கனடா. இந்த அருவியும் இதன் மேலுள்ள பாறைகளும் படகுக்கு வழிவிடாததால்தான், இங்குள்ள பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்கள் ஆற்றைத் தவிர்த்துப் போக எட்டரை மைல் காட்டுப் பாதை வைத்திருந்தார்கள். பின்னாளில் விலங்குகளின் ரோமத்தோல் வணிகத்துக்கு வந்த படகோட்டிகள், ஆளுக்கு இரண்டு மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ வீதம் சுமந்து அதே வழியில் நடந்தார்கள். அருவியைப் பார்த்துவிட்டு, சில மைல் தள்ளி ஏரிக்கரையில் இருக்கும் கிராண்ட் போர்ட்டேஜ் தேசிய நினைவிடத்தின் மையத்துக்குப் போங்கள். இந்தப் பூமி ஓஜிப்வே மக்களுடையது. அவர்கள் கதையை அங்கே நிதானமாகக் கேளுங்கள், அனுமதி இலவசம்.

பூங்காவைத் தாண்டியதும் எல்லைச் சாவடி. கனடா விசா இல்லாத பெற்றோரோடு தவறிக்கூட அந்தப் பக்கம் ஓட்டிவிடாதீர்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். ஸ்வெட்டரும் வேண்டும்: மினியாபோலிஸில் வெயிலடித்தாலும் ஏரிக்காற்று குளிரும். பொழுது சாய்ந்தபின் மான் சாலையில் குறுக்கிடும், இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.