அச்சு ஆர்டர்களை அட்மின் பேனலில் நடத்துவது: கேள்வி பதில்

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பிரஸ், டிடிபி, ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் ஆன்லைன் ஆர்டர் பற்றிக் கேட்டவை இவை. பெரும்பாலானவர்கள் வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தில் ஆன்லைன் கடை நடத்தும் மென்பொருள்) வைத்திருப்பதால் அதை வைத்தே பதில் சொல்கிறேன். வேறு பேனல் (கடைக்காரர் ஆர்டர்களைப் பார்த்து நடத்தும் பக்கம்) என்றாலும் பிரச்சினைகள் இவைதான்.

இராமநாதபுரம், ஆஃப்செட் பிரஸ்: அண்ணே, எங்க பேனல்ல 'பிராசஸிங்', 'கம்ப்ளீட்டட்' ரெண்டு நிலையை மட்டும்தான் மாத்துறோம். வேலை எங்க நிக்குதுன்னு கஸ்டமர் போன் மேல போன் போடுறாங்க. எத்தனை நிலை வைக்கலாம்?

ஆறு போதும்: ஃபைல் வரணும், ஃபைல் சரிபார்ப்பு, புரூஃப் அனுப்பியாச்சு, புரூஃப் ஓகே, அச்சில், டெலிவரிக்குத் தயார். புரூஃப் என்பது அச்சுக்கு முன் கஸ்டமர் பார்த்துச் சரிசொல்லும் மாதிரி. வேலை இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை நிலையின் பெயரே சொல்ல வேண்டும். 'புரூஃப் அனுப்பியாச்சு' என்றால் கஸ்டமர் கையில், 'அச்சில்' என்றால் மெஷின்காரர் கையில். கட்டிங், பைண்டிங், லேமினேஷனுக்கெல்லாம் தனித்தனி நிலை வைத்தால் ஒரு வாரத்தில் யாரும் மாற்ற மாட்டார்கள், பேனல் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

டெலிவரி நாளை ஆர்டர் போட்ட தேதியிலிருந்து எண்ணாதீர்கள், 'புரூஃப் ஓகே' ஆன தேதியிலிருந்து எண்ணுங்கள். இதை ஆர்டர் பக்கத்திலேயே எழுதிவிட்டால் பாதி சண்டை குறையும். இன்னொன்று: வூகாமர்ஸில் நீங்களாகச் சேர்க்கும் நிலைகளுக்கு ஈமெயில் தானாகப் போகாது. ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பைத் தனியாக அமைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் போன் நிற்காது.

கீழக்கரை, டிடிபி: கஸ்டமர் ஃபைலைப் போட்டுட்டேங்கிறார். பேனல்ல ஒண்ணும் இல்லை. சில நேரம் ஃபார்மே வெறுமையா வந்து நிக்குதாம்.

ஃபார்ம் வெறுமையாகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது சர்வரின் அளவு வரம்பு. வூகாமர்ஸ் ஓடும் பிஎச்பி மொழியில் இரண்டு வரம்புகள் உண்டு. ஒரு ஃபைலுக்கான வரம்பு, மாற்றாமல் விட்டால், 2 எம்பி. மொத்த ஃபார்முக்கான வரம்பு 8 எம்பி. முதல் வரம்பைத் தாண்டினால் அந்த ஃபைல் மட்டும் விழும். இரண்டாவதைத் தாண்டினால் ஃபைலோடு கஸ்டமர் நிரப்பிய பெயர், அளவு, எண்ணிக்கை எல்லாமே காலியாகிவிடும். முதலாவதை 64, இரண்டாவதை 80 எம்பி வையுங்கள். இரண்டாவது எப்போதும் பெரியதாக இருக்கணும். சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால் அதற்கென்று தனி வரம்பு இருக்கிறது, தொடக்கத்தில் வெறும் 1 எம்பி. 413 என்ற எண்ணோடு பிழை வந்தால் காரணம் அதுதான். தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் (பாதுகாப்பு, வேகச் சேவை) வைத்திருந்தால், அதன் இலவசத் திட்டத்தில் 100 எம்பிக்கு மேல் ஏறாது; அதைவிடப் பெரிய ஃபைலுக்கு டிரைவ் லிங்க் வாங்கும் கட்டம் ஒன்று வைத்துவிடுங்கள்.

அதே கையோடு ஃபைல் எங்கே போய் உட்காருகிறது என்றும் பாருங்கள். பொதுவான அப்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்தால் லிங்க் தெரிந்த யாரும் திறந்து பார்க்கலாம். ஆதார் பிரிண்ட் எடுக்கிற கடைக்கு இது விளையாட்டு இல்லை. லாகின் இல்லாமல் திறக்காத ஃபோல்டருக்கு மாற்றுங்கள். ஆதார் மாதிரி ஃபைல்களை டெலிவரி ஆன அன்றே அழித்துவிடுங்கள்.

அதே கீழக்கரை: கல்யாணப் பத்திரிகையில அரபி வரி உடைஞ்சு தனித்தனி எழுத்தா வருது.

ஃபார்மில் சரியாகத்தான் இருக்கும். பழைய வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் ஒட்டும்போது எழுத்து சேராமல், திசையும் மாறிப்போகும். அரபி வரிகளை டைப் செய்து வாங்காதீர்கள். ஃபாண்ட் உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக வாங்குங்கள். புரூஃபை அரபி ஓதத் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகே 'ஓகே' நிலைக்குப் போகட்டும்.

தங்கச்சிமடம், டிடிபி: அண்ணா, ஃபார்ம்ல வர்ற தமிழ் யூனிகோட். நான் கோரல்ல பாமினி, வானவில்தான் வச்சிருக்கேன். மாத்தினா தப்பு வருது.

தங்கச்சி, தமிழ் வரிகளை மட்டும் மாற்றுங்கள். பாமினியும் வானவில்லும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய ஃபாண்ட்; யூனிகோடில் தமிழுக்கென்றே தனி இடம் உண்டு. பத்தியை மொத்தமாகப் பாமினியில் போட்டால் பி.இ., எம்.பி.ஏ. என்று ஆங்கிலத்தில் இருந்ததெல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறிவிடும். ஸ்ரீ, க்ஷ, இரட்டைக் கொம்பும் காலும் வரும் எழுத்துகள், பெயரின் இனிஷியல் ஆகிய நான்கையும் ஃபார்மோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். நீங்கள் வடிவமைக்கும் கோரல் மென்பொருள் புதிய பதிப்பு என்றால் யூனிகோட் ஃபாண்டுக்கே போய்விடுங்கள், இந்த வேலையே மிச்சம்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் கன்ட்ரோல் கியூ அழுத்திக் கர்வ்ஸ் ஆக்குங்கள், அதாவது எழுத்தைக் கோட்டு வடிவமாக. ஆக்காத பிரதியும் தனியே இருக்கட்டும். கர்வ்ஸ் ஆனதில் எழுத்துத் திருத்த முடியாது. ஃபைல் பெயர் இப்படி இருந்தால் நல்லது: 4127_பத்திரிகை_பு2. அதாவது ஆர்டர் எண், பொருள், எத்தனையாவது புரூஃப். ஆர்டர் எண் இல்லாத ஃபைல் மெஷின் பக்கம் போகவே கூடாது. 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்' என்று பெயர் வைத்த கடைகளில்தான் பழைய புரூஃப் ஆயிரம் காப்பி ஓடும்.

பத்திரிகை ஃபார்மில் தேதியைக் காலண்டரில் தேர்ந்தெடுக்க வையுங்கள், கிழமையைப் பேனலே காட்டட்டும். 15.04.2026 என்று எடுத்தால் புதன் என்று வரும். கஸ்டமர் கொடுத்த வாசகத்தில் வியாழன் இருந்தால் புரூஃபுக்கு முன்பே தெரிந்துவிடும். தேதியும் கிழமையும் பொருந்தாமல் மறு அச்சு போன பத்திரிகைகள் ஏராளம்.

பாம்பன், ஃபிளெக்ஸ்: 10×6ன்னு போடுறாங்க. எது அகலம், எது உயரம்னு குழப்பம்.

ஒரே கட்டத்தில் வாங்காதீர்கள். அகலம், உயரம், அடியா அங்குலமா என்று மூன்று கட்டம் வைத்து, சதுர அடியைப் பேனல் கணக்குப் போடட்டும். வாட்ஸ்அப்பில் படமாக வந்த ஃபோட்டோ பெரும்பாலும் 1600 பிக்சலுக்குச் சுருங்கியிருக்கும். 10 அடியில் விரித்தால் அங்குலத்துக்கு 13 பிக்சல்தான். முழு அளவில் 72 இருந்தால் நல்லது. 10 அடிக்கு 8640 பிக்சல். 'டாக்குமென்டாக அனுப்பவும்' என்று ஃபார்மிலேயே எழுதுங்கள். பாம்பன் காற்றுக்கு ஐலெட் (கயிறு கட்டும் வளையத் துளை) இடைவெளியையும் ஒரு தேர்வாகச் சேருங்கள்: மூன்று அடிக்கு ஒன்று சாதாரணம், இரண்டு அடிக்கு ஒன்று கூடுதல் காசு. 100 மைக்ரானுக்குக் கீழான பிவிசி பேனருக்கு 2022 ஜூலையிலிருந்து நாடு முழுக்கத் தடை. அந்த ரகம் பட்டியலில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இராமேசுவரம்: லாட்ஜ், படகுச் சங்க ரசீது புக் நிறைய வருது. திரும்ப ஆர்டர் போடும்போது அதே நம்பர் ஓடிருச்சு.

'ரீஆர்டர்' பட்டன் பழைய ஆர்டரின் தொடக்க எண்ணையும் சேர்த்தே நகல் எடுக்கிறது. அதனால் வந்தது. கஸ்டமர் கணக்கில் 'கடைசி எண்' என்று ஒரு கட்டம் வைத்து, அடுத்த தொடக்கம் அதிலிருந்து வரும்படி செய்யுங்கள். 50 எண் கொண்ட புக் 20 என்றால் 1000 எண். 1001இல் தொடங்கினால் 2000இல் முடியணும். இந்த முடிவு எண் வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டிலும் இருக்கட்டும், நம்பரிங் போடுபவர் கடைசித் தாளைப் பார்த்து டிக் அடிக்கட்டும். புக்குக்கு ஒரிஜினல் ஒன்றா, டூப்ளிகேட்டும் உண்டா என்பதைக் கேட்காமல் விலை சொல்லாதீர்கள். டூப்ளிகேட் இருந்தால் பேப்பர் இரண்டு மடங்கு போகும்.

உச்சிப்புளி: 100 விசிட்டிங் கார்டு ஆர்டர்ல லாபமே நிக்கலை.

கார்டு 89×51 மி.மீ. சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் 95×57. 13×19 அங்குல ஷீட்டில் 24 உட்காரும். நாலு ஷீட்டில் 96தான் வரும், நாலு கார்டுக்காக ஐந்தாவது ஷீட் ஓடுகிறது. எண்ணிக்கைத் தேர்வை 96, 192, 480 என்று வையுங்கள். 100 கேட்டே தீருவேன் என்பவருக்கு ஐந்து ஷீட் விலை.

மண்டபம்: யுபிஐ ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டு வேலையைத் தொடங்குங்கங்கிறாங்க.

ஸ்கிரீன்ஷாட் பணம் இல்லை. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்கும் கட்டம் வையுங்கள். ஒரு எண் இரண்டாம் முறை வந்தால் ஏற்கக் கூடாது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் பார்க்கும்வரை ஆர்டர் 'ஆன் ஹோல்ட்' நிலையில் நிற்கட்டும். ஆன்லைனில் பணம் வாங்கும் கேட்வே வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை தலைகீழ்: பணம் ஏறியிருக்கும், ஆர்டர் 'பெண்டிங்' என்றே நிற்கும். கஸ்டமர் யுபிஐ ஆப்பில் கட்டிவிட்டு உங்கள் பக்கத்துக்குத் திரும்பி வராததுதான் காரணம். கேட்வேயில் வெப்ஹூக் (பணம் வந்ததைத் தளத்துக்குத் தானாகச் சொல்லும் இணைப்பு) போட்டிருந்தால் அவர் திரும்பி வராவிட்டாலும் தகவல் வரும். ஸ்டாக் கணக்கும் ஆனில் இருந்தால் இப்படி நிற்கும் ஆர்டரை வூகாமர்ஸ் 60 நிமிடத்தில் தானாக ரத்து செய்துவிடும். அச்சு வேலைக்கு அது எதற்கு? அந்த 60 நிமிடக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

தொண்டி: நம்ம மாவட்டத்துக்குள்ள டெலிவரி இலவசம்னு போட்டேன். எங்க ஊருக்கே காசு கேக்குது.

ஷிப்பிங் ஸோனில் (டெலிவரிப் பகுதி) 6235* என்று, அதாவது 6235இல் தொடங்கும் பின்கோடுகள் என்று, போட்டிருப்பீர்கள். இராமநாதபுரம் 623501, கீழக்கரை 623517, இராமேசுவரம் 623526 எல்லாம் அதற்குள் வரும். தொண்டி 623409 வராது, பரமக்குடி 623707உம் வராது. 623* என்று மாற்றுங்கள்.

ஏர்வாடி: மழைக்காலத்துல சொன்ன நாளில் கொடுக்க முடியலை சார்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெலிவரி நாளைப் பேனலிலேயே கூட்டிவிடுங்கள், லேமினேஷன் உள்ள வேலைக்குக் குறைந்தது ஒரு நாள். கடற்கரை ஈரத்தில் ஆஃப்செட் மை காய நேரமெடுக்கும். காயாமல் லேமினேஷன் போட்டால் கொப்புளம் விடும். பேப்பர் ரீமைப் பிரித்து வெளியே வைத்தால் ஓரம் சுருண்டு டிஜிட்டல் மெஷினில் ஜாம் ஆகும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் பிரியுங்கள்.

சாயல்குடி, ஜெராக்ஸ் கடை: தேர்தல் நோட்டீஸ் ஆர்டர் ஆன்லைன்ல எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் 'புரூஃப் ஓகே'க்கு முன்பு ஒரு பூட்டு வேண்டும். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி, நோட்டீஸில் அச்சிடுபவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சான்றொப்பமிட்ட உறுதிமொழி இரண்டு பிரதி உங்களுக்கு வர வேண்டும். அதில் ஒன்றை, அச்சான நோட்டீஸ் ஒன்றோடு சேர்த்து, கலெக்டருக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையால் எழுதுவது தவிர எந்த வழியில் பிரதி எடுத்தாலும் அச்சுதான் என்கிறது சட்டம், ஆகவே ஜெராக்ஸும் சேர்த்தி. கூட்டத்தின் தேதி, நேரம், இடம் மட்டும் சொல்லும் நோட்டீஸுக்கு இது பொருந்தாது. உறுதிமொழியை ஸ்கேன் செய்து ஆர்டரில் இணையுங்கள். ஒரிஜினல் தாள் கடைக்கு வராமல் நிலை நகரக் கூடாது.

தேவிபட்டினம்: ஆர்டர் நம்பரையே ஜிஎஸ்டி பில் நம்பரா வைக்கலாமா?

வேண்டாம். பில் எண் வரிசை விடாமல், 16 எழுத்துக்குள், அந்த நிதியாண்டில் ஒரே முறை வருவதாக இருக்க வேண்டும். ரத்தான ஆர்டர்களால் ஆர்டர் எண்ணில் ஓட்டை விழும். பில் எண் தனி வரிசையில், வேலை முடியும்போது உருவாகட்டும்.