முதல் போட்டிக்கே சொந்த ரைஃபிள் வேண்டுமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எட்டு மாதமாக ஒரு கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி சுடுதல்) பழகுகிறாள். அடுத்த மாதம் முதல் போட்டி. ரைஃபிள், சுடும்போது போடும் ஜாக்கெட், பேன்ட், ஷூ எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுத்தால் விலை குறைத்துத் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். அப்படியும் லட்சக்கணக்கில் வருகிறது. நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.
- வாசகி, ஈரோடு

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும். முதல் போட்டிக்கு அவள் எட்டு மாதம் பிடித்துப் பழகிய கிளப் ரைஃபிள்தான் நல்லது. புது ரைஃபிள் என்றால் கன்னம் வைக்கும் கட்டை, தோளில் பதியும் பட், ட்ரிகர் என்று ஒவ்வொன்றையும் அவள் உடம்புக்கேற்ப மாற்றி வைக்க வேண்டும். அப்புறம் உடம்பும் அதற்குப் பழக வேண்டும். ஒரு மாதம் போதாது. டார்கெட்டில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் அகலம் வெறும் 0.5 மில்லிமீட்டர். பழகாத ரைஃபிளோடு அங்கே போய் நிற்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அதே ரைஃபிளில் கிளப்பின் வேறு பிள்ளையும் சுடுகிறதா, இருவருக்கும் ஒரே நேரம் வந்துவிடுமா என்பதை மட்டும் பயிற்சியாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

வாங்குவதென்றால் ஜாக்கெட் வாங்குங்கள். ஆனால் அவள் எழுதிக் கொடுத்த பிரிவில் ஜாக்கெட் போடலாமா என்று முதலில் போட்டி அறிவிப்பில் பாருங்கள். அடுத்தவர் ஜாக்கெட் இன்னொருவர் உடம்பில் சரியாக உட்காராது என்பதால் இரவல் சரிப்படாது. என் அண்ணன் மகனுக்கு, வளரும் பிள்ளைதானே என்று பெரிய சைஸில் எடுத்தோம். தோளில் மடிப்பு விழுந்து ரைஃபிள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்கார்ந்தது. இறுக்கமாக எடுப்பதும் தவறு. சர்வதேச விதிப்படி, பட்டன் போட்ட நிலையிலிருந்து ஜாக்கெட்டின் ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் மேல் இன்னும் 70 மில்லிமீட்டராவது இழுத்து மூட முடிய வேண்டும். துணியின் கனம் ஒற்றை அடுக்கில் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கடையிலேயே ரைஃபிளைத் தூக்கி நிற்கும் நிலையில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு இடம் தராத கடையில் வாங்க வேண்டாம். இப்போதே வாங்கினால்தான் போட்டிக்கு முன் சில வாரமாவது போட்டுப் பழகலாம்.

பேன்ட்டும் ஷூவும் அடுத்த சீசனுக்குத் தள்ளலாம். பாதம் வளரும் வயதில் அவ்வளவு விலைக்கு ஷூ எடுக்க எனக்கு மனம் வராது. கிளவ், சுடாத கண்ணை மறைக்கும் பட்டை, குழலுக்குள் நுழைக்கும் பாதுகாப்புக் கொடி இவையெல்லாம் சின்னச் செலவு. சொந்தமாகவே இருக்கட்டும்.

பெல்லட்டில் (ஏர் ரைஃபிள் குண்டு) கஞ்சம் வேண்டாம். இப்போது அவள் சுடும் அதே பிராண்டு, அதே தலை அளவு (4.49 அல்லது 4.50 என்று டப்பாவில் இருக்கும்), முடிந்தால் அதே பேட்ச் எண் பார்த்து 500 குண்டு டப்பா இரண்டு வாங்குங்கள். ஒன்று பயிற்சிக்கு, ஒன்று போட்டிக்கு. மலிவாகக் கிடைக்கிறதே என்று கடைசி வாரத்தில் மாற்றினால் குண்டு விழும் இடமே மாறிவிடும். பெய்ஜிங் 2008 ஒலிம்பிக் இறுதிச் சுற்றுக்கு முன் அபினவ் பிந்த்ராவின் ரைஃபிளில் குறி மாறிப்போயிருந்தது சோதனைக் குண்டுகளில்தான் (குறியைச் சரிபார்க்க முதலில் சுடும், கணக்கில் சேராத குண்டுகள்) தெரிந்தது. திருத்திக்கொண்டு தங்கம் வென்றார். ஆகவே போட்டிக்கு முந்தின நாள் புதிதாக எதையும் தொடாமல், சோதனைக் குண்டு நேரத்தைச் சரியாகப் பயன்படுத்த அவளைப் பழக்குங்கள்.

ஒரு வருடம் கழித்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் ரைஃபிள் வாங்குங்கள். பழையது வாங்கினாலும் தவறில்லை. ஆனால் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். புது சிலிண்டரின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்குள் சக்தியும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் தேவையில்லை. இருந்தாலும் வரிசை எண் எழுதிய பில் வாங்கி, ஊர் விட்டு ஊர் போகும்போது ரைஃபிள் பெட்டியிலேயே அதன் நகலை வைத்துவிடுங்கள்.