மருத்துவர் பதில்: சிறுநீருக்கு எழுந்து எழுந்தே தூக்கம் போகிறது

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயம் செய்கிறேன். வயது 58. படுத்ததும் தூங்கிவிடுகிறேன். நள்ளிரவுக்கு மேல் மூன்று, நான்கு தடவை சிறுநீர் வந்து முழிப்பு வருகிறது; அதற்கப்புறம் தூக்கம் பிடிப்பதில்லை. பிரஷர் மாத்திரையை இரவில் போடுகிறேன். சாயங்காலம் கால் வீங்குகிறது. பலமாகக் குறட்டை விடுவதாக மனைவி சொல்கிறார். இரண்டு மாதமாக மருந்துக்கடையில் வாங்கி அல்பிரசோலம் 0.25 தூக்க மாத்திரை போடுகிறேன். தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம் ஐயா, ஆனால் இன்றைக்கே சட்டென்று நிறுத்தியும் விடாதீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். படுத்ததும் தூங்கிவிடுகிற உங்களுக்குத் தூக்கம் வராத வியாதி இல்லை. உங்களை எழுப்புவது சிறுநீர். அது ஏன் இரவில் சேருகிறது என்று பார்க்க வேண்டும்.

நாள் முழுக்க வயலில் நின்றால் நீர் காலில் இறங்கித் தங்கும். படுத்ததும் அது மறுபடி ரத்தத்தில் கலக்க, சிறுநீரகம் அதைப் பிரித்து வெளியேற்றுகிறது. அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரை இந்த வீக்கத்தைக் கூட்டும். உங்கள் மாத்திரை அட்டையில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் என்று இருந்தால் அது சிறுநீரைப் பெருக்கும் மருந்து; பெரும்பாலும் காலையில் போடுவதுதான் சரி. அட்டையைக் காட்டி மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்துப் படுத்திருங்கள். படுக்குமுன்பே அந்த நீர் வெளியேறிவிடும். அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் இரவில் வேண்டாம்; உப்பு கூடினால் தாகமும் கூடும், சிறுநீரும் கூடும். வெயில் வேலைக்குப் பகலில் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. படுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்தால் போதும்.

காபிக்குத் தஞ்சை மண்ணில் தடை போடுவது கஷ்டம்தான். ஆனால் மாலை 5 மணிக்குக் குடித்த டிகாக்‌ஷனில் பாதி 10 மணிக்கும் உடம்பில் நிற்கும். கடைசி டம்ளரை மதியத்தோடு முடியுங்கள்.

இன்னொரு வேலை, மிக முக்கியம். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று வாங்கி, மூன்று நாள் ஒவ்வொரு தடவையும் எத்தனை மில்லி, எந்த நேரம் என்று எழுதுங்கள். படுத்த பிறகு வருவதையும் காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரையும் இரவுக் கணக்கில் சேருங்கள். அது ஒரு நாள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மேலே சொன்ன காரணங்கள் பக்கம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் 100 மில்லிதான், முக்க வேண்டியிருக்கிறது, சொட்டுகிறது என்றால் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியைச் சோதிக்க வேண்டும். பகலிலும் இரவிலும் நிறையப் போனால் சர்க்கரை வியாதியாக இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை 180ஐத் தாண்டும்போது அது சிறுநீரில் இறங்கித் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். எப்படியானாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, திணறலோடு திரும்புகிறதா என்று மனைவியைக் கவனிக்கச் சொல்லுங்கள். அப்படி மூச்சு அடைபட்டாலும் இரவில் சிறுநீர் பெருகும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ நுரையீரல் மருத்துவரைப் பார்த்துத் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள்.

அதனால்தான் அல்பிரசோலம் எனக்குக் கவலை தருகிறது. மூச்சுத் தடையை அது மோசமாக்கும். அந்த மயக்கத்தில் கொல்லைக்கு எழுந்து போனால் விழுந்து இடுப்பு உடையும். இரண்டு மாதம் போட்டதைத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் சிலருக்கு வலிப்பும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்களில் படிப்படியாகக் குறையுங்கள். மட்டமாகப் படுத்தால் மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ இதற்கெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.