மாயாவியை வரைந்தவர் யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா சேர்த்துவைத்த முத்து காமிக்ஸ் இதழ்கள் கொஞ்சம் வீட்டில் இருக்கின்றன. இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் யார்? எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பெயர் இல்லையே.
– வாசகர், மாங்குளம்

பதில்: ஹெசூஸ் பிளாஸ்கோ. பார்சலோனாவில் பிறந்த ஸ்பானிய ஓவியர். மூலக்கதையின் பெயர் 'தி ஸ்டீல் க்ளோ'. லண்டன் ஃப்ளீட்வே நிறுவனம் நடத்திய 'வேலியன்ட்' வார இதழில் 1962 ஒக்டோபரில் தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் புல்மர், அவருக்குப் பிறகு டாம் டல்லி.

பெயர் விடுபட்டதற்கு, முத்து காமிக்ஸை வெளியிட்ட சிவகாசியைக் குறை சொல்ல முடியாது. லண்டன் இதழிலேயே பெயர் இல்லை. ஓவியர் பக்கத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டாலும் வெள்ளை மை பூசி மறைத்துவிடுவார்கள். பெயர் தெரிந்தால் போட்டி நிறுவனம் ஆளைக் கூப்பிட்டுவிடும், ஓவியரும் கூலி கூட்டிக் கேட்பார் என்பதுதான் காரணம். 1977 பெப்ரவரியில் '2000 ஏ.டி.' வார இதழ் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. அங்கே கலைப்பிரிவில் இருந்த கெவின் ஓ'நீல் எழுத்தாளர், ஓவியர், எழுத்து வரைபவர் எல்லோருடைய பெயரையும் கதைப் பக்கத்தில் போட வைத்தார். கொமிக்ஸ் வரலாற்றில் இதை நாங்கள் மிகப் பெரிய காரியமாகவே மதிக்கிறோம்.

பெயர் இல்லாத பக்கத்திலும் கையை அடையாளம் காணலாம். மாயாவி பக்கம் ஒன்றையும், அதே காலத்து இன்னொரு பிரித்தானிய நாயகன் ஸ்பைடரின் (ஸ்பைடர்மேன் அல்ல) பக்கம் ஒன்றையும் அருகருகே வையுங்கள். பிளாஸ்கோ நிழலைத் தூரிகையால் முழுக் கறுப்பாக நிரப்புவார். முகத்தில் ஒரு பாதி வெளிச்சம், மறு பாதி இருட்டு. ஸ்பைடரை வரைந்த ரெஜ் பன் நிழலை மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்கும் போட்டே உண்டாக்குவார். ஸ்பைடர் 1965 இல் 'லயன்' இதழில் வந்தது. தொடக்கத்தில் எழுதியவர் டெட் கோவன். பின்னர் எழுதியவர் ஜெரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்.

இந்தப் பழைய கதைகளின் உரிமை இப்போது ரெபெல்லியன் நிறுவனத்திடம் இருக்கிறது. 2016 இலும் 2018 இலும் இரண்டு கட்டமாக வாங்கினார்கள். புதிய தொகுப்புகளில் படைப்பாளர் பெயர்களும் அச்சாகின்றன.

கேள்வி: பீனோ, டாண்டி – எது மூத்தது?
– மாணவர், முல்லைத்தீவு

பதில்: டாண்டி. 1937 டிசம்பர் 4. பீனோ 1938 ஜூலை 30. இரண்டுமே ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரத்து டி.சி. தொம்சன் நிறுவனம் வெளியிட்ட சிறுவர் கொமிக்ஸ் இதழ்கள். டாண்டி தனது 75 ஆவது பிறந்தநாளோடு, 2012 டிசம்பர் 4 இல், அச்சை நிறுத்திக்கொண்டது. பீனோ இன்னும் வாராவாரம் வருகிறது. பீனோவில் வரைந்த லியோ பாக்ஸன்டேல் என்ற பெயரையும் நினைவில் வைத்திருங்கள். மின்னி த மின்க்ஸ், பாஷ் ஸ்ட்ரீட் கிட்ஸ் ஆகிய இரண்டு தொடர்களும் அவர் உருவாக்கியவை. அவற்றின் உரிமைக்காக நிறுவனத்தோடு ஏழு வருடம் வழக்காடி 1987 இல் இணக்கத்துக்கு வந்தார்.

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். எட்டுப் பக்கத்தில் சொந்தமாக ஒரு சித்திரக்கதை வரைந்து போட்டோக்கொப்பி எடுத்து விற்க ஆசை. பெல்ஜியம் அல்பம் மாதிரி வர வேண்டும். எங்கே தொடங்குவது?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: அல்பத்தின் அளவில் தொடங்க வேண்டாம். பிரெஞ்சு, பெல்ஜியம் சித்திரக்கதை அல்பம் ஏறக்குறைய 24 க்கு 32 செ.மீ., கெட்டி அட்டை, பெரும்பாலும் 48 பக்கம். அதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசை ஒழுங்கை. ஒரு பக்கத்தை மூன்று, நான்கு கிடை வரிசைகளாகப் பிரிப்பார்கள். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வியையோ ஆபத்தையோ வைத்துவிட்டு, தாளைப் புரட்டிய பிறகே பதிலைக் காட்டுவார்கள்.

A4 தாளில் வரைந்து A5 புத்தகமாகக் குறையுங்கள். கடையில் இதை 71 வீதம் என்று சொன்னால் போதும். A3 இல் வரைந்தால் எல்லாக் கடை இயந்திரத்திலும் தாள் கொள்ளாது. மெல்லிய டிமைத் தாளில் மை ஊறிப் பின்பக்கம் தெரியும். பிறிஸ்டல் போட்டை வெட்டிப் பாவியுங்கள். நான்கு ஓரமும் 1.5 செ.மீ. விட்டால் வரையும் இடம் 18 க்கு 26.7 செ.மீ. மூன்று வரிசை, இடையில் 6 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு வரிசையின் உயரம் 8.5 செ.மீ. ஓரம் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. போட்டோக்கொப்பி இயந்திரம் தாளின் விளிம்பில் சில மில்லிமீற்றரை அச்சிடாது. விளிம்புவரை வரைந்தால் ஆளின் முழங்கை காணாமல் போகும்.

அடுத்தது எழுத்து. புதியவர்களின் பக்கம் கெடுவது அநேகமாக இங்கேதான். ஆங்கிலக் கொமிக்ஸில் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே உயரம். தமிழில் 'கீ' மேலே ஏறும், 'கூ' கீழே இறங்கும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் சுழியும் முட்டும். A4 தாளில் எழுத்தின் உடல் 5 மி.மீ., வரிக்கு வரி 9 மி.மீ. வைத்தால் குறைத்த பிறகும் எழுத்து 3.5 மி.மீ. நிற்கும், கண்ணுக்கு நோகாது. முதலில் வசனத்தை எழுதுங்கள், பிறகு அதைச் சுற்றிப் பலூன் கீறுங்கள். பலூனை முதலில் கீறினால் கடைசிச் சொல் நசுங்கியே தீரும். ஒரு பலூனில் பதினைந்து சொல்லைத் தாண்ட வேண்டாம். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' ஒரு வரியில் அடங்காது. உங்கள் கதை மாந்தர் கிளிநொச்சிக்காரர் என்றால் 'வருகினம்' என்றே பேசட்டும். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும், அவர் பலூன் மேலே இருக்க வேண்டும். இது தவறினால் பதில் முன்னும் கேள்வி பின்னுமாக வாசிக்கப்படும்.

பென்சில் கோட்டை மை காய்ந்த பிறகே அழிரப்பரால் அழியுங்கள். மாரியில் இந்தியன் இங்க் காய நேரமெடுக்கும், அவசரப்பட்டால் கறுப்பு இழுபட்டுவிடும். பெரிய கறுப்பு இடங்கள் போட்டோக்கொப்பியில் திட்டுத்திட்டாக வரும். தூரிகையால் இரண்டு தரம் நிரப்பி, ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதை அடியுங்கள். ஸ்கேன் செய்வதென்றால் கோட்டுச் சித்திரத்துக்கு 600 டி.பி.ஐ. கைபேசியில் படம் பிடிப்பதைத் தவிருங்கள். கட்டங்களின் நேர்கோடு வளையும், ஒரு மூலை இருளும்.

பக்க ஒழுங்கு: எட்டுப் பக்கத்துக்கு இரண்டு A4 தாள் போதும். முதல் தாளின் வெளிப்புறம் இடமிருந்து வலமாக 8, 1. உட்புறம் 2, 7. இரண்டாம் தாளின் வெளிப்புறம் 6, 3. உட்புறம் 4, 5. இருபக்கமும் அடிக்கும்போது குறுகிய விளிம்பில் புரட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாகும். நடு மடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் கம்பி. பக்க எண்ணிக்கை எப்போதும் நான்கின் மடங்காகவே இருக்க வேண்டும்.

கேள்வி: றங்குப்பெட்டியில் இருக்கும் பழைய இதழ்கள் மஞ்சளாகிப் பொடிகின்றன. எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இடம்பெயர்வுகளையும் தாண்டி உங்கள் கையில் தப்பியிருக்கும் இதழ்கள் அவை. இந்த வாரமே கவனியுங்கள். மலிவான அச்சுத்தாளில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கும். வெளிச்சமும் வெப்பமும் பட்டால் அது மஞ்சளாகி நாரை முறிக்கும். தகரக் கூரைக்குக் கீழே பெட்டியை வைக்க வேண்டாம். வீட்டின் நடு அறையில், சுவரைத் தொடாமல், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். கறையான் மண்பாதை போட்டால் உடனே கண்ணில் படும்.

துருப்பிடித்த கம்பிதான் தாளை முதலில் தின்னும். நடுப்பக்கத்தைத் திறந்து, மொட்டைக் கத்தியால் கம்பியின் கால்களை நிமிர்த்தி, வெளிப்பக்கமாக இழுத்தெடுங்கள். அதே துளைகளில் பருத்தி நூலால் தளர்வாகத் தையுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்ட வேண்டாம். சில வருடத்தில் பசை பழுப்பாகி எழுத்தோடு வரும். பச்சை வேப்பிலையும் வேண்டாம். ஈரமும் கறையும் மிஞ்சும்.

தாள் தின்னும் இராமபாணப் பூச்சியைக் கண்டால் இதழ்களை இரண்டு பொலித்தீன் பையில் காற்றை அமுக்கி மூடி, குளிர்பெட்டியின் உறைநிலைத் தட்டில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு முழுநாள் வெளியே இருக்கட்டும், இல்லையென்றால் தாளில் நீர் படியும்.

கேள்வி: மச்சாள் பாரிஸில், தம்பி லண்டனில். எந்த கொமிக்ஸ் விழாவுக்குப் போகச் சொல்லலாம்? என் படங்களையும் காட்டச் சொல்லலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: பிரான்சில் அங்குலேம் நகர விழா, 1974 முதல், ஜனவரிக் கடைசியில். படைப்பாளர்களின் புறக்கணிப்பால் 2026 ஆம் ஆண்டு விழா நடக்கவில்லை, ஆகவே ரயில் சீட்டு எடுக்கமுன் உறுதிசெய்யச் சொல்லுங்கள். இத்தாலியில் லூக்கா, ஒக்டோபர் கடைசியை ஒட்டி. கூட்டம் மிக அதிகம். ஜெர்மனியில் எர்லாங்கன், இரட்டைப்படை வருடங்களில் மட்டும். லண்டன் தம்பிக்கு வட இங்கிலாந்தின் ஹரோகேட்டில் நவம்பரில் நடக்கும் 'தோட் பபிள்' பொருத்தம். 2007 இல் லீட்ஸில் தொடங்கியது. சிறுபிரதி வெளியிடுவோர் மேசை போட்டு நேரடியாக விற்கும் இடம். '2000 ஏ.டி.' புதியவர்களுக்குப் போட்டி வைத்ததும் அங்கேதான்.

படங்களை அனுப்பலாம். மூலப்படம் வேண்டாம், நல்ல பிரதி எடுத்து அனுப்புங்கள். அழகான தனிப்படங்களை விட ஒரே கதையின் தொடர்ச்சியான மூன்று, நான்கு பக்கங்கள்தான் பேசும். வசனத்தை வாசிக்காமலே கதை விளங்குகிறதா என்றுதான் ஆசிரியர்கள் பார்ப்பார்கள். ஒவ்வொரு தாளின் பின்னாலும் பெயர், மின்னஞ்சல் ஆங்கிலத்தில் இருக்கட்டும், தாள்கள் பிரிந்துபோகும்.

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஓவியரின் அல்பத்தை வாங்கி வரிசையில் நின்றால், முதல் தாளில் ஒரு படம் வரைந்து கையெழுத்திட்டுத் தருவது வழக்கம். அதற்குத் தனிக்காசு இல்லை. பிரித்தானியாவில் படத்துக்கு அநேகமாகத் தனிக்கட்டணம். உங்கள் பெயரை ஒரு துண்டுத்தாளில் ஆங்கில எழுத்தில் தெளிவாக எழுதி மச்சாளின் கையில் கொடுத்துவிடுங்கள். சத்தத்துக்குள் வாயால் சொன்னால் வேறு பெயர்தான் புத்தகத்தில் ஏறும்.